மடுவத்து மேட்டில் சிக்னல்

1

ஊரிலிருந்து யார் பேசினாலும், சுகம் விசாரித்து முடிந்ததும் வருகிற கேள்வி ஒன்றுதான்: "நீ அங்க என்னாதான் வேல செய்ற?" ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறேன் என்றால் விளங்கும். மீன் வெட்டுகிற கம்பெனியில் நிற்கிறேன் என்றாலும் விளங்கும். நோர்வேக்கு வந்த நம்மவர்களில் முக்கால்வாசிப் பேர் அங்கேதான் தொடங்கினார்கள்; நானும் அந்த ஐஸ் தண்ணீரில் கை விறைத்தவள்தான். ஆனால் இப்போது செய்கிற வேலையைச் சொன்னால் மறுமுனையில் சத்தமே இருக்காது. "பள்ளிக்கூடங்கள்ல வயர்லெஸ் இன்டர்நெட்டுக்குப் பெட்டி பூட்டுறேன்" என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, "ஓ, கரண்டு வேலயா?" என்பார்கள். விளக்கி விளக்கி அலுத்துப்போய், "ஆமா, கரண்டு வேலதான்" என்று ஒத்துக்கொண்டுவிட்டேன்.

போன வாரம் என் மகள் ஆரணி படிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒரு பெட்டி பழுது என்று கூப்பிட்டார்கள். போன வருசக் குளிர்காலத்தில் நானே கூரையில் பூட்டிய பெட்டி. ஏணியில் ஏறிக் கூரைத் தகட்டைக் கழற்றும்போது, அன்றைக்கு இதே இடத்தில் நின்று அக்காவை நினைத்து நெஞ்சு பதறியது அப்படியே திரும்பி வந்தது. இறங்கிக் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கரண்டு வேலை என்று சொல்லக் கூடாது.

நான் இருக்கிற பேர்கன் நகரம் மலையும் மழையுமாகக் கிடக்கிற ஊர். அங்கே ஆரணியின் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மடிக்கணினி கொடுத்தார்கள். கொடுத்த மாதமே முறைப்பாடு: திரையில் சிக்னல் கோடு முழுசாக நிற்கிறது, ஆனால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. சிக்னல் எட்டுவது வேறு, அது எத்தனை பேரைத் தாங்கும் என்பது வேறு. தேயிலைத் தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆட்கள் எல்லாம் கூடி நிற்க, கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பேர் கூப்பிட்டு மலைக்கு அனுப்புவார். அவர் குரல் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். ஆனாலும் கூப்பிடுகிற வாய் ஒன்றுதான். ஆள் கூடக்கூடக் காத்து நிற்கிற நேரமும் கூடும்.

பழைய பெட்டி அந்தக் கணக்கப்பிள்ளை மாதிரி. புதிய பெட்டிக்கு மூன்று அன்டெனா. ஒருவருக்குப் போக வேண்டியதைப் பங்கு பிரித்து, எல்லாப் பங்கையும் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் அனுப்பிவிடும். கலந்து போகாதா என்று நீங்கள் கேட்கலாம், நானும் கேட்டேன். ஒவ்வொன்றும் வேறு வேறு சுவரில், கதவில், அலுமாரியில் பட்டுத் தெறித்து வேறு வேறு வழியாக வந்து சேரும். வாங்குகிற பக்கத்திலும் ஒன்றுக்கு மேல் அன்டெனா இருந்தால் பிரித்தெடுத்துக்கொள்ளலாம். முன்பெல்லாம் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையைச் சனியன் என்று திட்டுவோம். இப்போது அதுவே உதவியாகிவிட்டது. ஒருவருடைய வேலை சீக்கிரம் முடிந்தால் அடுத்தவருக்கு முறை சீக்கிரம் வரும். இவ்வளவுதான் விசயம்.

பூட்டப் போன முதல் நாளே மகளின் மானத்தை வாங்கிவிட்டேன். நோர்வே மொழியில் கூரைக்கும் நன்றிக்கும் ஏறக்குறைய ஒரே சொல். உயிரை இழுத்தால் கூரை, குறுக்கினால் நன்றி. "இந்தப் பெட்டியை நான் நன்றியிலே பூட்டப் போகிறேன்" என்று அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் முன்னால் ஏணியில் நின்று அறிவித்தேன். வகுப்பே சிரித்தது. ஆரணி முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டாள். அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து, "அம்மா, நீங்கள் ஸ்கூலுக்கு வந்தா என்னைத் தெரியாத மாதிரி நில்லுங்கோ" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரி என்றேன்.

2

லயத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பகுதி தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

இலங்கையின் மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். ஒரு லயம் என்றால் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். நாங்கள் காம்பரா என்போம். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் எட்டாது. அடுப்புப் புகையும் கருவாட்டு வாசமும் பேச்சும் அந்த இடைவெளி வழியாகக் கடைசிக் காம்பரா வரைக்கும் போகும். அதனால் வீட்டுக்குள் பேசுவது என்றால் லயத்துக்கே பேசுவதுதான். அரிசி இல்லாதது, பொம்பிளைகளின் நோய், பெண் பார்க்க வந்தவன் வேண்டாம் என்று போனது, இதெல்லாம் வீட்டில் வாயிலே வராது. மலையில் கொழுந்து எடுக்கும்போது பக்கத்து நிரையில் நிற்கிறவளிடம், செடியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், மெதுவாகச் சொல்வார்கள்.

இதற்கு இன்னொரு பாதியும் உண்டு. காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருக்க வேண்டும். அடுத்த காம்பராவில் இரவு அடி விழுந்தது எல்லாருக்கும் தெரியும். காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யாரும் கேட்கமாட்டார்கள். அவளாகச் சொன்னால்தான் உண்டு. கேட்பது மரியாதை இல்லை. இது நல்ல வழக்கமா கெட்ட வழக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அத்தனை குடும்பம் ஒரே கூரைக்குக் கீழே முகம் பார்த்து வாழ வேண்டுமே!

என் அக்கா சரோஜா என்னைவிட மிகவும் மூத்தவள். அம்மா இறந்த பிறகு அவள்தான் மலைக்குப் போய் உழைத்து என்னை ஹட்டனில் படிக்க வைத்தாள். அத்தானும் காலமாகிவிட்டார், பிள்ளைகள் இல்லை. அவளுக்கு நான், எனக்கு அவள்.

தொண்ணூறுகளில் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கிற கடை. கண்ணாடிக் கூண்டுக்குள் விட்டு நம்பரை அழுத்திக் கொடுத்துக் கதவைச் சாத்துவேன். தோட்டத்துப் பொம்பிளைகள் உடனே கதவைத் திறந்துவிடுவார்கள். மூடின இடத்துக்குள் தனியாகப் பேச அவர்களுக்குப் பயம். கடையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்க, டுபாயில் வீட்டு வேலைக்குப் போன மகளிடம், "நல்லாருக்கோம், நல்லாருக்கோம், நீ நல்லாருக்கியா?" என்று கத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் கடைக்கு வாரா வாரம் நோர்வேயில் இருந்த தமையனோடு பேச வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார்தான் இப்போது என் வீட்டுக்காரர். அவர் மட்டும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு பேசுவார். சண்டைக் காலத்தில் அவரோடுதான் அகதியாக நோர்வேக்கு வந்து சேர்ந்தேன்.

இங்கே தமிழர் கூடுகிற இடங்களில், "யாழ்ப்பாணத்தில எவடம்?" என்று கேட்பார்கள். "ஹட்டன் பக்கம்" என்பேன். "ஓ, தோட்டப் பக்கமோ" என்றுவிட்டு வடையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஆரணியும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய்வந்து, "அம்மா, என்னா இல்லை, என்ன" என்று என்னைத் திருத்துவாள். அவள் பேசுகிற கொஞ்சத் தமிழும் தகப்பன் வழித் தமிழ். என் அக்கா பேசுவது அவளுக்குப் பாதிதான் விளங்கும். எனக்கு அது பெரிய குறை.

3

எங்கள் தோட்டத்துப் பக்கம் மொபைல் கோபுரம் வந்ததும், ஊருக்குப் போன ஒருவர் கையில் அக்காவுக்கு ஒரு போன் கொடுத்து அனுப்பினேன். இனிமேல் அவள் யாருக்கும் பயப்படாமல் தன் வீட்டில் இருந்தபடியே என்னோடு மனம்விட்டுப் பேசலாம் என்று நான் கண்ட கனவு இருக்கிறதே! லயம் பள்ளத்தில் கிடக்கிறது. அங்கே சிக்னல் இல்லை. கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே மட்டும்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தோட்டத்தில் போன் வைத்திருக்கிற எல்லாரும், வைத்திருக்கிறவர்களோடு பேச்சுத்துணைக்கு வருகிறவர்களும் அந்த மேட்டில்தான். ஒருவர் கொழும்பில் கடையில் நிற்கிற மகனோடு, ஒருவர் சவூதியோடு, அக்கா என்னோடு. எல்லாரும் கத்துவார்கள், எல்லாருக்கும் கேட்கும். என் பக்கம் பேசுவதும் கேட்கும். அந்த போனில் சத்தத்தைக் குறைக்க அக்காவுக்குத் தெரியாது.

எனக்கு ஞாயிறு மத்தியானம். சோறு வடித்துவிட்டு, குசினி மேசையில் போனை வைத்து ஸ்பீக்கரைப் போட்டுக் கூப்பிடுவேன்.

"அக்கா, எப்பிடி இருக்க?"

"நல்லாருக்கேன்டி. நீ?"

"நல்லாருக்கேன். மழயா?"

"மழதான். நீ எப்ப வர்ற?"

"லீவு கெடைக்கலக்கா. அடுத்த வருசம் பாப்போம்."

வாரா வாரம் இதுதான். அடுத்த வருசம் என்று சொல்லியே வருசங்கள் போயின. லீவு கிடைக்கும், அது பிரச்சினை இல்லை. என்னிடம் இருப்பது அகதிப் பயணப் புத்தகம். அதில் எல்லா நாட்டுக்கும் செல்லுபடியாகும், இலங்கைக்கு மட்டும் ஆகாது என்று அச்சடித்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் நோர்வேக் குடியுரிமை கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பிறப்புப் பதிவில் ஒரு பேர், பள்ளிக்கூடச் சான்றிதழில் கொஞ்சம் மாறி இன்னொரு பேர், நான் வந்து இறங்கிய தாளில், எங்களை அனுப்பிய ஏஜென்சிக்காரன் போட்ட வேறொரு பேர். குடிவரவு அலுவலகத்தில் ஒரு அம்மா மூன்றையும் மேசையில் பரப்பி, "இதில் எது நீ?" என்று கேட்டார். "மூன்றும் நான்தான்" என்றேன். அது பதில் இல்லையாம். ஆள் யாரென்று உறுதியாகும் வரைக்கும் காத்திருக்கச் சொல்லி ஒவ்வொரு வருசமும் எழுதுகிறார்கள்.

பிறந்தபோதே எனக்கு நாடு இருக்கவில்லை. இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்தவர்கள் என்று சொல்லி, இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்ததுமே தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமையைப் பறித்துவிட்டார்கள். எங்கள் சனத்தில் மிச்சமிருந்தவர்களுக்கு 2003இல்தான் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். அதற்குள் நான் வெளியே வந்துவிட்டேன். வந்த இடத்திலும் இப்படி. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மேட்டில் நிற்கிற அத்தனை பேருக்கும் முன்னால், "சரோஜா தங்கச்சிக்கு அங்கேயும் உரிமை இல்லையாம்" என்று ஆகிவிட்டால் அவளுக்குத்தானே தலைகுனிவு? வெளிநாட்டில் இருக்கிற தங்கச்சி என்பது அவளுக்குத் தோட்டத்தில் ஒரு மதிப்பு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

4

போன வருசத்துக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு. அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த காம்பரா முனியம்மாவின் குரல் உள்ளே நுழைந்தது.

"லெச்சுமி, நான் சொல்றேன் கேளு. ஒங்கக்கா இப்பல்லாம் ஒத்தக் கையாலதான் கொழுந்து எடுக்குது. நிறுவையில நிக்கல, அரப்பேருதான் போடுறாங்க."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். அக்கா தோட்டத்திலேயே கை வேகமானவள். அவளுக்கு அரைப்பேர் விழுந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அக்கா போனைப் பிடுங்கினாள். "அவ கெடக்குறா. குளிருக்குக் கை இழுக்குது. வேற ஒன்னுமில்ல. நீ சாப்ட்டியா?"

முனியம்மா வாய்விட்டுச் சொல்கிற ஆள் இல்லை. லயத்து வழக்கத்தை மீறி அவளே போனுக்குள் புகுந்து சொல்கிறாள் என்றால் விசயம் சின்னது இல்லை. அதோடு, எங்கள் அம்மாவும் இப்படித்தான். ஒரு கையைத் தூக்காமல், அந்தப் பக்கம் திரும்பிப் படுக்காமல் பல மாதம் இருந்தார். மாரில் கட்டி என்று எங்களுக்குத் தெரிந்தது அவர் போன பிறகு, குளிப்பாட்டிய பொம்பிளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான்.

அக்காவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் மேட்டில் நிற்கிற ஆம்பிளைகள் எல்லாருக்கும் கேட்கும். தனியாக வா என்று சொன்னால், பொழுதுபட்ட பிறகு தனியாக அந்த மேட்டில் நிற்கிறாளே, என்ன விசயமோ என்று பேச்சு வரும். கடிதம் போடலாம் என்றால் அவளுக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது ஒருவர் சத்தமாக வாசித்துத்தான் காட்ட வேண்டும். முனியம்மாவுக்குப் போன் இல்லை. ஒவ்வொரு வழியாக யோசித்து யோசித்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில், "இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீர்? நேர கேளுமன், நெஞ்சில கட்டி இருக்கோ எண்டு" என்றார்.

"அத்தன பேருக்கு முன்னால அப்பிடிக் கேக்க முடியாதுங்க. ஒங்களுக்கு அது வெளங்காது."

"எனக்கு விளங்கேல்லைத்தான். சாகிறதை விட வெட்கம் பெரிசோ?"

"ஆமா, பெருசுதான்!" என்று கத்திவிட்டேன். பிறகு நான் சொன்னதை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. ஆரணி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் அவள் கவனிக்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டேன். அவளும் நல்லாருக்கேன் என்றாள், நானும் நல்லாருக்கேன் என்றேன். அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். ஒவ்வொரு வாரமும் அவளுடைய குரல் மெலிந்துகொண்டே வந்தது. அந்தக் கிழமைகளில் நான் எத்தனை ஏணியில் ஏறினேன், எதைப் பூட்டினேன் என்று இப்போது கேட்டால் ஞாபகம் இல்லை. கை வேலை செய்தது, அவ்வளவுதான்.

5

பெட்டிகள் எல்லாம் பூட்டி முடித்த வெள்ளிக்கிழமை பரீட்சை வைத்தோம். முழுப் பள்ளிக்கூடத்தையும் ஒரே மண்டபத்தில் கூட்டி, எல்லாரையும் ஒரே நேரத்தில் மடிக்கணினியைத் திறக்கச் சொன்னோம். என்னோடு வேலை செய்கிற பியோர்ன் கொஞ்சம் வயதான மனிதர், எதற்கும் அவசரப்படாதவர். மேடையில் நின்று, "இப்போது எல்லாரும் ஒரு வீடியோ போடுங்கள், எதுவானாலும் சரி" என்றார். வாத்தியார்கள் நெற்றியைச் சுருக்கினார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எல்லார் திரையிலும் படம் ஓடியது. ஒன்றும் நிற்கவில்லை. பின் வரிசையில் இருந்த சில பழைய மெசின்கள் மட்டும் திணறின. அவற்றுக்குள் ஒரே அன்டெனா; மெதுவாகப் பேசி மற்றவர்களின் நேரத்தையும் தின்னும். அவற்றை மாற்றச் சொல்லி எழுதிக்கொண்டோம். ஆரணி கூட்டத்துக்குள் இருந்து, தெரியாத மாதிரி நிற்கச் சொன்னவள், கையைத் தூக்கி எனக்கு ஆட்டினாள். எனக்கு அந்த நேரத்தில் பெருமையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். கூடவே அழுகையும் வந்தது. இத்தனை பேரும் ஒரே காற்றில் தடையில்லாமல் பேச வழி செய்துவிட்டேன், என் அக்காவிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு வழி தெரியவில்லை.

அந்த ஞாயிறு வழக்கம்போலக் கூப்பிட்டேன். மேட்டில் காற்றுச் சத்தம், யாரோ மகனைத் திட்டுகிற சத்தம். ஆரணி எதிர்க் கதிரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எப்பிடி இருக்க?"

"நல்லாருக்கேன்டி" என்றாள். சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

ஆரணி பழத்தை வைத்துவிட்டு போனுக்குக் கிட்டக் குனிந்தாள். "பெரியம்மா, நான் ஆரணி. உங்கட நெஞ்சில கட்டி இருக்கோ?"

நான் போனைப் பிடுங்கப் பாய்ந்தேன். அவள் இரண்டு கையாலும் மூடிக்கொண்டு என்னை விடவில்லை. மறுமுனையில் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. மகனைத் திட்டிய குரலும் நின்றுவிட்டது. அந்த மேட்டில் நிற்கிற அத்தனை பேருடைய காதிலும் அது விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அக்கா போனை வைத்துவிடுவாள், இனி என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"இருக்கு கண்ணு" என்றாள் அக்கா.

"எப்ப தொடக்கம்?"

"ஆடி மாசத்துக்கு முந்தியிருந்தே."

"நோகுதோ?"

"நோகுது கண்ணு. கையத் தூக்க முடியல. ராவுல படுக்க முடியல."

"ஏன் பெரியம்மா ஒருதருக்கும் சொல்லேல்லை?"

அக்கா குறை சொல்கிற குரலில் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்: "யாரும் கேக்கலயே கண்ணு."

முனியம்மா பெரிதாக அழத் தொடங்கினாள். கூட்டத்துக்குள் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல், "அழுவாத புள்ள, இப்ப அழுது என்னா ஆவுது? காலயில பெரட்டுக்கு எல்லாரும் போவோம். தொரகிட்ட வண்டி கேப்போம். குடுக்காம மலைக்கு ஏறுறதில்ல" என்றது. இன்னொரு குரல் கண்டி ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற யாரையோ தெரியும் என்றது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆரணி என்னைப் பார்த்து, "நான் பிழையாக் கேட்டிட்டனோ?" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், வேறு என்ன செய்வது?

6

சொன்னபடி செய்தார்கள். மறுநாள் காலையில் பெரட்டில் நின்றவர்கள், தோட்டத்து மேனேஜரான துரை வண்டி கொடுக்கும் வரைக்கும் மலைக்கு ஏறவில்லையாம். முனியம்மா கூடப் போனாள். கண்டியில் சோதித்து, பிந்தித்தான் வந்திருக்கிறீர்கள், ஆனாலும் செய்து பார்ப்போம் என்று டாக்டர் சொன்னாராம். ஒரு பக்க மாரை எடுத்துவிட்டார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் கொட்டியது, சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தாள், எழும்பி இருந்தாள். இதெல்லாம் நடக்கும்போது நான் இங்கே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்தில் ஒவ்வொரு காம்பராவில் இருந்தும் முறை வைத்து ஒருத்தி போய் ஆஸ்பத்திரியில் அவளோடு நின்றாள். கூடப் பிறந்தவள் நான் மட்டும் போகவில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரிகள் கேட்டபோதெல்லாம் அக்கா, "அவளுக்கு லீவு கெடைக்கல" என்று சொன்னாளாம். முனியம்மா பிறகு சொல்லித் தெரியும்.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு ஞாயிறு, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள அக்கா மேட்டுக்கு ஏறினாள். அவளுடைய குரல் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வழக்கம்போல, "அக்கா, எப்பிடி இருக்க?" என்றேன்.

"ஏன்டி லெச்சுமி, ஒன்னு கேக்குறேன், நேரா சொல்லு" என்றாள். மேட்டில் ஆள் நிறைய நிற்பது சத்தத்திலேயே தெரிந்தது. அவளுக்கும் தெரியும். தெரிந்தும் குரலைக் குறைக்கவில்லை. "நான் அறுத்துப் போட்டுக் கெடந்தேன். நீ வரல. இம்புட்டு வருசமா லீவு இல்ல, லீவு இல்லன்னே சொல்ற. நெசமாவே லீவு இல்லயா? இல்ல, இந்த லயத்துக்கு வர்றதுக்கு ஒனக்கு வெக்கமா இருக்கா?"

என் வாழ்க்கையில் அக்கா என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. யாரும் யாரையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆரணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர விட மாட்டாங்கக்கா" என்றேன். "எனக்கு இன்னும் இந்த நாட்டு பாஸ்போட்டு குடுக்கல. என் கையில இருக்கிற புத்தகத்துல எந்த நாட்டுக்கும் போகலாம், எலங்கைக்கு மட்டும் போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. மீறி வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்க. புள்ள இங்க இருக்குக்கா. அதான் வரல. லீவு எப்பவும் இருந்துச்சு."

"அப்ப, நீ வேணாம்னு இருக்கல."

"ஐயோ, இல்லக்கா."

"நான் அப்பிடித்தான்டி நெனச்சுக்கிட்டு கெடந்தேன். கத்தி வைக்க உள்ள கொண்டு போறப்பகூட அதத்தான் நெனச்சேன்." சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன். மேட்டில் யாரும் விலகிப் போகவும் இல்லை, கேட்காத மாதிரி இருக்கவும் இல்லை. யார் யாரோ மூக்கைச் சிந்துவது கேட்டது.

முனியம்மா கிட்ட வந்து போனைப் பார்த்துக் கேட்டாள்: "என்னா லெச்சுமி சொல்ற? அங்கயுமா நமக்குப் பிரஜாவுரிமை இல்ல?"

"இல்லக்கா" என்றேன். "இன்னும் இல்ல."